கோடி 21-க்கு மாறியதும் லைப்ரரி காலியாகத் தெரிகிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

படங்கள், தொடர்கள், பாட்டுகளை ஒழுங்குபடுத்தி ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிவிட்டு, அதைத் திறக்கிறீர்கள். லைப்ரரி காலி என்கிறது திரை. பல வருடமாகச் சேர்த்த படங்கள், எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்ற டிக் குறிகள், தேடித்தேடி வைத்த போஸ்டர்கள், ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்தப் பதற்றத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள்: மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவது, இல்லையென்றால் 'கிளீன் லைப்ரரி'யை அழுத்துவது. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். பழைய லைப்ரரி அநேகமாக உங்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. மேம்படுத்தலால் அழிந்த லைப்ரரிகளைவிட, மேம்படுத்திய பிறகு அவசரத்தில் அழிக்கப்பட்ட லைப்ரரிகள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

கீழே உள்ளவை 2024 ஏப்ரலில் வெளியான 21-ஆம் பதிப்பான ஒமேகாவை மனத்தில் வைத்து எழுதியவை. 18 லியா, 19 மேட்ரிக்ஸ், 20 நெக்ஸஸ் ஆகியவற்றிலிருந்து வருகிறவர்களுக்கு இவை பொருந்தும்.

முதலில், மேம்படுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது

இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கோடி உங்கள் படங்களின் விவரங்களை 'யூசர்டேட்டா' ஃபோல்டருக்குள், 'டேட்டாபேஸ்' என்ற உள் ஃபோல்டரில் எஸ்கியூலைட் என்ற வகை டேட்டாபேஸ் கோப்புகளாக வைத்திருக்கிறது. படங்களுக்கும் தொடர்களுக்கும் 'மைவீடியோஸ்', பாட்டுக்கு 'மைமியூசிக்', போஸ்டர்களின் கணக்குக்கு 'டெக்ஸ்சர்ஸ்'. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் ஓர் எண் இருக்கும். லியாவில் மைவீடியோஸ்116, மேட்ரிக்ஸில் 119, நெக்ஸஸில் 121, ஒமேகாவில் 131.

ஒமேகா முதல்முறை திறக்கும்போது 131 இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே போய், கிடைக்கும் பழைய கோப்பை, உதாரணமாக 121-ஐ, நகல் எடுத்து, அந்த நகலைத்தான் புதிய அமைப்புக்கு மாற்றும். அசல் 121-ஐத் தொடாது. அதனால் ஒரே ஃபோல்டரில் 116, 119, 121, 131 எல்லாம் வரிசையாக இருப்பது சாதாரணம். அப்புறம் இன்னொன்றையும் கவனியுங்கள்: 131 என்ற பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்துவிட்டால், அது வெறும் காலிக் கோப்பாக இருந்தாலும், கோடி பழையதைத் தேடிப் போகாது.

அறிகுறி: லைப்ரரி மொத்தமாகக் காலி

முதல் வேலை, கோடி இப்போது எந்த ஃபோல்டரைப் படிக்கிறது என்று பார்ப்பது. இதை ஊகிக்க வேண்டாம், கோடி தன் செயல்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பிலேயே எழுதியிருக்கும். விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், அதற்குள் கோடி ஃபோல்டரில் கோடி.லாக் என்று இருக்கும். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கோடி ஃபோல்டர், அதற்குள் 'டெம்ப்'. கோப்பின் தொடக்க வரிகளில் 'ஸ்பெஷல் ஹோம்' இந்த இடத்துக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று முழு முகவரி வரும். அந்த முகவரியும் உங்கள் பழைய டேட்டாபேஸ் இருக்கும் முகவரியும் ஒன்றா?

இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: முன்பு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவியிருப்பீர்கள், இப்போது கோடியின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை ஓட்டியிருப்பீர்கள். ஸ்டோர் வழியாக வந்த கோடி தன் தரவை ஆப்டேட்டாவின் 'லோக்கல்' பக்கத்தில், 'பேக்கேஜஸ்' ஃபோல்டருக்குள் எக்ஸ்பிஎம்சி ஃபவுண்டேஷன் பெயரில் தொடங்கும் ஃபோல்டரில் வைக்கிறது. தளத்திலிருந்து வந்தது 'ரோமிங்' பக்கம் பார்க்கிறது. லினக்ஸிலும் இதே கதைதான். வழக்கமான பேக்கேஜிலிருந்து ஃப்ளாட்பேக்குக்கு மாறினால் தரவு ஹோமில் உள்ள புள்ளி-வார் (.var) ஃபோல்டருக்குள் போய்விடும். பழைய இடத்து யூசர்டேட்டாவைப் புதிய இடத்துக்கு நகல் எடுங்கள், அங்கே ஏற்கெனவே உருவாகிவிட்ட காலி 131-க்கு வேறு பெயர் வையுங்கள். கோடி மூடியிருக்கும்போது செய்யுங்கள்.

இடம் சரிதான், அங்கே 121-உம் இருக்கிறது, ஆனாலும் திரை காலி என்றால் 131-இன் அளவைப் பாருங்கள். 121 பல மெகாபைட் இருக்க, 131 மட்டும் மிகச் சிறியதாக இருந்தால் விஷயம் தெளிவாகிவிட்டது. புதுப் பெட்டியில் ஒமேகாவை நிறுவி ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பேக்கப்பிலிருந்து பழைய கோப்புகளைக் கொண்டுவந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். திறந்து பார்த்த அந்த ஒரு தடவையிலேயே காலியான 131 உருவாகிவிட்டது. கோடியை முழுவதும் மூடுங்கள். 131-க்கு வேறு பெயர் வையுங்கள், அழிக்க வேண்டாம். மறுபடி திறந்தால் கோடி 121-ஐக் கண்டுபிடித்து மாற்றத் தொடங்கும். லைப்ரரி பெரியது என்றால் முகப்புத் திரை வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து பவரை நிறுத்திவிடாதீர்கள்.

மாற்றம் பாதியில் நின்றிருந்தாலும் இதே வைத்தியம்தான். லாக்கில் 121-இலிருந்து 131-க்கு மாற்ற முயல்கிறது என்ற வரி இருந்து, அடுத்து வெற்றி என்ற வரி இல்லாமல் பிழை வந்திருந்தால், முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் எடுத்து மாற்றுகிற வேலை என்பதால் காலி இடம் வேண்டும். சின்ன ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் இதுதான் முதல் சந்தேகம். இடம் ஒதுக்கிவிட்டு, அரைகுறை 131-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி திறங்கள்.

வீட்டில் பல டிவிகளுக்கும் சேர்த்து மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி சர்வரில் லைப்ரரி வைத்திருக்கிறவர்கள் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். அங்கே கோடி, கோப்புக்குப் பதிலாகச் சர்வரில் புதிதாக ஒரு டேட்டாபேஸை உருவாக்குகிறது. கோடிக்கு என்று நீங்கள் வைத்த பயனருக்கு பழைய டேட்டாபேஸ்மேல் மட்டும் உரிமை கொடுத்திருந்தால், புதியதை உருவாக்க முடியாமல் நின்றுவிடும். உருவாக்கும் உரிமையையும் கொடுங்கள். முதல்முறை ஒரே ஒரு சாதனத்தை மட்டும் திறந்து, அது முடிக்கும்வரை மற்றவை மூடியே இருக்கட்டும். எல்லாச் சாதனங்களிலும் ஒரே பெரும்பதிப்பு இருப்பது கட்டாயம். ஹாலில் 21, படுக்கையறையில் 20 என்று வைத்தால் இரண்டும் இரண்டு டேட்டாபேஸில் எழுதும். ஒன்றில் பார்த்து முடித்த படம் மற்றதில் பார்க்காததாகவே நிற்கும்.

அறிகுறி: பட்டியல் இருக்கிறது, அழுத்தினால் கோப்பு இல்லை என்கிறது

இதில் கோடி ஒரு கேள்வி கேட்கும்: கோப்பைக் காணவில்லை, லைப்ரரியிலிருந்து நீக்கவா? வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளீன் லைப்ரரியும் இதையேதான் மொத்தமாகச் செய்கிறது. ஹார்ட் டிஸ்க் இணையாத நேரத்தில் அதை ஓட்டி, வருகிற கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அழுத்தினால், பார்த்த குறிகள் உட்பட எல்லாம் போய்விடும்.

டேட்டாபேஸ் ஒவ்வொரு படத்தையும் அதன் முழு முகவரியைக்கொண்டே அடையாளம் காண்கிறது. முகவரி மாறினால் படம் தொலைந்ததாக அர்த்தம். விண்டோஸை மேம்படுத்தியபோதோ யூஎஸ்பி போர்ட்டை மாற்றியபோதோ ஈ டிரைவ் எஃப் டிரைவாகியிருக்கலாம். கோடியின் அமைப்பை மாற்றுவதைவிட டிரைவின் எழுத்தைப் பழையபடி ஆக்குவது எவ்வளவோ மேல். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு நிமிட வேலை அது. லினக்ஸில் டிஸ்க் எப்போதும் ஒரே இடத்தில் மவுன்ட் ஆகும்படி எஃப்ஸ்டாப் (fstab) என்ற அமைப்புக் கோப்பில் எழுதி வையுங்கள்.

நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் என்றால், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையைப் பாருங்கள். பழைய ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் டிஸ்க்கைச் செருகிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அப்படிப்பட்ட பல ரவுட்டர்களுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். செட்டிங்ஸ், சர்வீசஸ், எஸ்எம்பி கிளையன்ட் பகுதியில் குறைந்தபட்சப் பதிப்பும் அதிகபட்சப் பதிப்பும் இருக்கும். கீழே இடது மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி நிலையை 'எக்ஸ்பர்ட்' ஆக்கினால்தான் சில தேர்வுகள் கண்ணுக்குத் தெரியும். எஸ்எம்பி 1 பாதுகாப்பில் பலவீனமானது. இப்போதைக்கு வேலை நடக்க அனுமதித்தாலும், அந்த ரவுட்டரை நம்பி இருக்காமல் வேறு ஏற்பாடு செய்வது நல்லது. பகிர்வுகளின் பட்டியல் வரவில்லை என்றால், உலாவித் தேடாமல் 'ஆட் நெட்வொர்க் லொக்கேஷன்' வழியாகச் சர்வரின் முகவரியை நேராக எழுதிப் பாருங்கள். ஆனால் முன்பு எந்த வடிவத்தில் எழுதியிருந்தீர்களோ அதே வடிவம் வேண்டும். முன்பு சர்வரின் பெயர், இப்போது எண்முகவரி என்றால் கோடிக்கு இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

ஆண்ட்ராய்டு 11-உம் அதற்கு மேலும் என்றால், சிஸ்டம் அமைப்பில் கோடிக்கு எல்லாக் கோப்புகளையும் அணுகும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சுவிட்ச் அணைந்திருந்தாலே யூஎஸ்பியில் இருக்கும் மொத்தமும் கோடிக்குத் தெரியாது.

அறிகுறி: படங்கள் இரண்டிரண்டாக வருகின்றன, பார்த்த குறி போய்விட்டது

மேலே சொன்ன முகவரி விஷயத்தின் தொடர்ச்சிதான் இது. முகவரி மாறிய பிறகு யாரோ 'அப்டேட் லைப்ரரி' அழுத்தியிருப்பார்கள். பழைய முகவரியில் ஒரு பதிவு, புதிய முகவரியில் இன்னொன்று. புதியதற்குப் பார்த்த வரலாறு கிடையாது. டிரைவையோ நெட்வொர்க் முகவரியையோ பழையபடி ஆக்கியதும் பழைய பதிவுகள் உயிர் பெறும். அதற்குப் பிறகு புதிதாகச் சேர்த்த சோர்ஸை, அதாவது படங்கள் இருக்கும் இடம் என்று கோடிக்குக் காட்டிய முகவரியை, நீக்கலாம். 'இந்த இடத்தின் விவரங்களை லைப்ரரியிலிருந்து நீக்கவா' என்று கேட்கும்போது, நீக்குவது புதிய இடத்தைத்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரி மாறியே ஆக வேண்டும், புது டிஸ்க் வாங்கிவிட்டோம் என்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்போர்ட். பழைய பதிப்பிலேயே செட்டிங்ஸ், மீடியா, லைப்ரரி பகுதியில் 'எக்ஸ்போர்ட் லைப்ரரி' இருக்கிறது. தனித்தனிக் கோப்புகளாக என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் விவரம் அடங்கிய ஒரு என்எஃப்ஓ கோப்பும் போஸ்டரும் வந்து உட்காரும். பார்த்த எண்ணிக்கையும் அந்த என்எஃப்ஓவுக்குள் போகும். ஆனால் புதிய லைப்ரரி அதைத் திரும்பப் படிக்க வேண்டுமென்றால், யூசர்டேட்டாவில் வைக்கும் அட்வான்ஸ்ட்செட்டிங்ஸ் (advancedsettings.xml) கோப்பில், வீடியோலைப்ரரி பகுதிக்குள், இம்போர்ட்வாட்ச்ட்ஸ்டேட் என்ற குறிச்சொல்லுக்கு 'ட்ரூ' என்று கொடுக்க வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல். இந்த ஒரு வரி இல்லாததால்தான் 'எக்ஸ்போர்ட் செய்தும் குறிகள் வரவில்லை' என்று பலர் சொல்கிறார்கள். படத்தின் விவரம் படத்தின் பக்கத்திலேயே இருப்பது எந்த டேட்டாபேஸையும்விட நீடித்து நிற்கும் ஏற்பாடு. எல்லோரும் இதைச் செய்து வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாக வரும் படத்துக்கு ஒமேகாவில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரே படத்தின் வெவ்வேறு பதிப்புகளை, உதாரணமாகச் சாதாரணப் பிரதியையும் 4கே பிரதியையும், ஒரே பதிவின்கீழ் சேர்க்கும் வசதி இதில் வந்தது. முன்பு இரண்டு பதிவுகளாக இருந்தவற்றைப் படத்தின் தகவல் திரையில் உள்ள பதிப்புகள் பகுதியில் போய்ச் சேர்த்துவிடலாம்.

அறிகுறி: பழைய படங்கள் சரி, புதிதாகப் போட்ட படம் மட்டும் வரவில்லை

விவரம் கொண்டுவரும் ஸ்கிரேப்பரைச் சந்தேகப்படுங்கள். லியா காலத்து ஸ்கிரேப்பர்கள் எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டவை. அதற்குப் பின் பைத்தானில் எழுதப்பட்டவை வந்தன. பழைய சோர்ஸ் இன்னும் பழைய ஸ்கிரேப்பரையே சுட்டிக்கொண்டிருக்கலாம். வீடியோஸ், ஃபைல்ஸ் போய், சோர்ஸின்மேல் நின்று, மெனுவில் 'சேஞ்ச் கன்டென்ட்' எடுத்து, டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தின் பைத்தான் ஸ்கிரேப்பரைத் தேர்ந்தெடுங்கள். வெளியே வரும்போது எல்லாப் படங்களின் தகவலையும் புதுப்பிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்பதே பாதுகாப்பு, கையால் திருத்தி வைத்தவை மாறாமல் இருக்கும்.

இன்னொரு வாய்ப்பு, மேம்படுத்தலுக்குச் சம்பந்தமே இல்லாதது. இந்தியாவில் சில இணையச் சேவைகளின் வழியாக டிஎம்டிபி முகவரிகள் திறக்காத நிலை இருந்திருக்கிறது. அதே வாரத்தில் கோடியை மேம்படுத்தியிருந்தால் பழி கோடிமேல் விழும். வேறு நிறுவனத்தின் சிம் உள்ள ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு படத்தைச் சேர்த்துப் பாருங்கள். வந்துவிட்டால் வீட்டு ரவுட்டரில் இணைய முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

தமிழ்ப் படங்களுக்கு ஒரு சொல். ஒரே தலைப்பில் வெவ்வேறு காலத்தில் இரண்டு மூன்று படங்கள் நம்மிடம் நிறைய. ஃபோல்டர் பெயரில் தலைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருடம் எழுதினால் ஸ்கிரேப்பர் தடுமாறாது.

அறிகுறி: தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன

உங்கள் பழைய ஸ்கின், அதாவது திரைத் தோற்றம், புதிய பதிப்போடு பொருந்தாமல் போனால், கோடி அதை நிறுத்திவிட்டு இயல்பான எஸ்டுவரி ஸ்கினுக்கு மாறிவிடும். பழைய ஸ்கினில் நீங்கள் செய்து வைத்த எழுத்துருத் தேர்வும் அதோடு போய்விடும். செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ், ஸ்கின் பகுதியில் 'ஃபான்ட்ஸ்' என்பதை ஏரியல் அடிப்படையிலானதாக மாற்றுங்கள். லத்தீன் அல்லாத எழுத்துகளுக்காக இருக்கும் தேர்வு அது.

சப்டைட்டிலில் மட்டும் கட்டங்கள் என்றால் அதற்குத் தனி அமைப்பு. தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றை, நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஏதாவது ஒன்றை, கோடி தரவு ஃபோல்டரில் 'மீடியா', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் போட்டுவிட்டு, பிளேயர் அமைப்பின் சப்டைட்டில்ஸ் பகுதியில் அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டங்களுக்குப் பதிலாக ஒன்றும் புரியாத லத்தீன் எழுத்துகள் வந்தால் குறை எழுத்துருவில் இல்லை. சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துப் பாருங்கள்.

அறிகுறி: போஸ்டர்கள் இல்லை, அல்லது ஒரு படத்துக்கு வேறு படத்தின் போஸ்டர்

கோடியை மூடி, டெக்ஸ்சர்ஸ்13 கோப்பையும் யூசர்டேட்டாவில் உள்ள 'தம்ப்நெயில்ஸ்' ஃபோல்டரையும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்து நகர்த்த வேண்டும், ஒன்றை மட்டும் நகர்த்தினால் குழப்பம் கூடும். பிறகு லைப்ரரியைச் சுற்றிப் பார்க்கப் பார்க்கப் படங்கள் திரும்ப வரும்.

அறிகுறி: ஆட்-ஆன்கள் வேலை செய்யவில்லை, அல்லது கோடியே திறந்ததும் மூடிக்கொள்கிறது

லியாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஆட்-ஆன்கள், அதாவது கோடியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள், நின்றுபோவது பெரும்பாலும் நடக்கும். மேட்ரிக்ஸ் முதல் கோடி பைத்தான் 3-ஐ மட்டுமே ஏற்கிறது. பைத்தான் 2-க்காக எழுதிய ஆட்-ஆன் எதுவும் இனி ஓடாது. எழுதியவர் புதுப்பித்திருந்தால் புதிய பதிப்பு வரும், இல்லையென்றால் மாற்று தேட வேண்டியதுதான். உபுன்டு, டெபியன் பயன்படுத்துகிறவர்கள், லைவ் டிவிக்கான பிவிஆர் ஆட்-ஆன்களையும் ஸ்ட்ரீமிங்குக்கு உதவும் இன்புட்ஸ்ட்ரீமையும் கோடிக்குள் தேடாமல் சிஸ்டத்தின் பேக்கேஜ் மேலாளரில் தேடுங்கள். அங்கே அவை தனிப் பேக்கேஜ்களாக வருகின்றன.

கோடி திறக்கவே மறுத்தால், மொத்தத் தரவு ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிட்டுத் திறங்கள். இப்போது ஓடுகிறது என்றால் நிறுவல் சரி, உங்கள் தரவில் ஏதோ ஒன்று இடிக்கிறது. மூடிவிட்டு, புதிதாக உருவான 131-ஐ எடுத்துவிட்டு, பழைய ஃபோல்டரிலிருந்து டேட்டாபேஸ், சோர்சஸ், பாஸ்வேர்ட்ஸ் ஆகியவற்றை முதலில் கொண்டுவாருங்கள். லைப்ரரி வந்துவிடும். ஆட்-ஆன்களைப் பழைய இடத்திலிருந்து நகல் எடுக்காமல் புதிதாகவே நிறுவுங்கள். அமைப்புகள் இருக்கும் ஜியூஐசெட்டிங்ஸ் (guisettings.xml) கோப்பைக் கடைசியாக வைத்துப் பாருங்கள், அதில்தான் பிரச்சினை என்றால் அமைப்புகளைக் கையால் மறுபடி செய்துகொள்ளலாம்.

படமும் சத்தமும்

பச்சைத் திரை, கருப்புத் திரை, தடுமாறும் படம் என்றால் பிளேயர், வீடியோஸ் பகுதியில் ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்துப் பாருங்கள். அந்த அமைப்பின் பெயர் விண்டோஸில் டிஎக்ஸ்விஏ2, ஆண்ட்ராய்டில் மீடியாகோடெக், லினக்ஸில் விஏ-ஏபிஐ. அணைத்ததும் சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள். சத்தம் வரவில்லை என்றால் சிஸ்டம், ஆடியோவில் வெளியீட்டுச் சாதனத்தை மறுபடி தேர்ந்தெடுங்கள், சாதனத்தின் பெயர் மாறியிருக்கலாம். பாட்டு லைப்ரரியை மறுபடி ஸ்கேன் செய்யவா என்று கோடியே கேட்டால் பயப்பட வேண்டாம், டேக் படிக்கும் விதம் மாறியதால் கேட்கிறது. டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

ஒன்றும் சரிவரவில்லை, பழைய பதிப்புக்கே போக வேண்டும் என்றால்

விண்டோஸிலும் லினக்ஸிலும் இது எளிது. 20-ஐ மறுபடி நிறுவினால் அது தன் 121-ஐத் தேடி எடுத்துக்கொள்ளும். இடையில் 21-இல் பார்த்தவற்றின் குறிகள் மட்டும் அதில் இருக்காது. 21-க்காகப் புதுப்பிக்கப்பட்ட ஆட்-ஆன்கள் சில மறுக்கும், அவற்றைப் பழைய பதிப்புக்கு ஏற்ப மீண்டும் நிறுவ வேண்டும்.

ஆண்ட்ராய்டில் மட்டும் நிதானம் வேண்டும். புதியதன்மேல் பழையதை நிறுவ ஆண்ட்ராய்டு விடாது, அன்இன்ஸ்டால் செய்யச் சொல்லும். அன்இன்ஸ்டால் செய்தால் டேட்டாபேஸும் சேர்ந்தே அழியும். அதற்கு முன் கோடியின் செட்டிங்ஸில் உள்ள ஃபைல் மேனேஜரைத் திறங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் மற்ற ஃபைல் மேனேஜர்களால் கோடியின் தரவு ஃபோல்டருக்குள் நுழைவது கடினம், கோடியால் முடியும். ஒரு பக்கம் 'ப்ரொஃபைல் டைரக்டரி', மறுபக்கம் பென் டிரைவ். டேட்டாபேஸ் ஃபோல்டரையும் சோர்சஸ், பாஸ்வேர்ட்ஸ் கோப்புகளையும் நகல் எடுங்கள். பென் டிரைவைக் கணினியில் செருகி, மைவீடியோஸ்121 அங்கே இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.